பாய்மரக் கப்பல்களின் உலகில் பகை எங்கிருந்து பிறக்கிறது?

வாள்வீச்சும் பீரங்கிப் புகையும் பாய்மரக் கப்பல்களும் மந்திரமும் கலந்த ஒரு காலனிய கால மிகுபுனைவு உலகை உருவாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தீவுகளை வரைகிறார்கள், பிறகு கொடிகளுக்கு நிறம் தீட்டுகிறார்கள், அதன் பின் உலகையே அழிக்கத் துடிக்கும் ஒரு கொடியவனைத் தேடிப் போகிறார்கள். கதைக்காகவும் நண்பர்களோடு ஆடும் பாத்திர விளையாட்டுக்காகவும் இத்தகைய உலகங்களைப் படைப்பதில் பெரும் ஈடுபாடு கொண்ட எனக்கு, அந்த மூன்றாவது தேடல் தேவையே இல்லை என்பதில் ஐயம் இல்லை. 16 ஆம் நூற்றாண்டிலிருந்து 18 ஆம் நூற்றாண்டு வரையிலான கடல் வரலாற்றைப் படிக்கும்போது, ஏறக்குறைய எல்லாச் சண்டைகளுக்கும் அடியில் ஒரே கேள்வி கிடப்பதைக் காணலாம். இந்தக் கடலும் இந்தச் சரக்கும் இந்த மனிதனும் யாருக்கு உரியவை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது? பலர் அந்த அதிகாரம் தம்மிடமே இருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினார்கள், கையில் அதற்கான ஆவணத்தையும் வைத்திருந்தார்கள். ஆவணமும் நம்பிக்கையும் உடைய இரண்டு தரப்புகள் ஒரே கடற்பாதையில் சந்தித்தால் போதும், கொடியவன் இல்லாமலே கதை நகரத் தொடங்கிவிடும்.

1494 இல் தோர்தேசில்லாஸ் உடன்படிக்கையின் மூலம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அட்லாண்டிக் கடலில் ஒரு கோட்டைக் கிழித்து, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உலகைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. உலகம் உருண்டை என்பதால் மறுபக்கத்தில் அந்தக் கோடு எங்கே விழும் என்ற சச்சரவு எழுந்தது. 1529 இல் சரகோசா உடன்படிக்கையில் போர்ச்சுகல் 3,50,000 டூக்கட் பொன் கொடுத்து இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்கத் தீவுகளின் மீதான ஸ்பெயினின் உரிமைக் கோரிக்கையை விலக்கிக்கொள்ளச் செய்தது. அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. இந்தியப் பெருங்கடலிலோ, பல நூற்றாண்டுகளாக எவரிடமும் அனுமதி கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த வணிகக் கப்பல்கள், போர்த்துக்கீசியர் வந்த பிறகு ‘கர்த்தாஸ்’ என்ற சீட்டை வாங்க வேண்டியதாயிற்று. சீட்டு வாங்கிய கப்பல் அவர்கள் சொல்லும் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம், மூழ்கடிக்கலாம். நேற்று வரை வணிகனாக இருந்தவன், தன் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, மறுநாள் காலையில் சட்டத்தை மீறியவன் ஆகிவிட்டான். ஒரு புனைவுலகுக்கு இதைவிட வளமான தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்த்துக்கீசியர் கடற்கொள்ளையர் என்றே அழைத்தார்கள். மராட்டியக் கடற்படையை நடத்திய கானோஜி ஆங்கரேயை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியும் அப்படியே அழைத்தது. ஆனால் ஆங்கரே தம் கரையோரமாகச் செல்லும் கப்பல்களுக்குத் தாமே சீட்டு வழங்கினார். அந்தச் சீட்டை வாங்க மறுத்த கப்பல்களையே பிடித்தார். கும்பெனி செய்ததும் இதையேதான். நான்காம் குஞ்ஞாலியின் முடிவு இதைவிடச் சிக்கலானது: அவரது வலிமை பெருகியதைக் கண்ட சாமூதிரியே போர்த்துக்கீசியரோடு கைகோத்து அவரை முற்றுகையிட்டார், 1600 இல் கோவாவில் அவர் கொல்லப்பட்டார். வெளியிலிருந்து வந்த பகைவன், உள்ளூர் அரசன், அந்த அரசனுக்காகவே போரிட்டு அவனையே மிஞ்சிவிட்ட தளபதி என்ற இந்த மூவரில் எவரைக் கதையின் நாயகனாக்கினாலும் மற்ற இருவருக்கும் நியாயம் மிஞ்சி நிற்கும்.

ஒரு சீட்டு ஒரு மனிதனின் உயிரை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்குக் கப்பல் தலைவர் வில்லியம் கிட்டின் வழக்கை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 1696 இல் இங்கிலாந்து அரசரின் உரிமத்தோடு, கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிப்பதற்காக அவர் புறப்பட்டார். அந்தப் பயணத்துக்குப் பின்னால் இங்கிலாந்தின் செல்வாக்கு மிக்க பிரபுக்கள் முதல் போட்டிருந்தார்கள். மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கப்பல் ஏதேனும் பிடிபட்டால்தான் அவர்களுக்குப் பங்கு. மாதங்கள் கழிந்தும் எதுவும் கிடைக்காததால் கப்பலுக்குள் முணுமுணுப்பு முற்றியது. 1697 அக்டோபரில் பீரங்கி வீரர் வில்லியம் மூருடன் ஏற்பட்ட வாய்ச்சண்டையில், இரும்புப் பட்டை போட்ட மர வாளியை எடுத்து அவர் தலையில் கிட் அடித்தார். மறுநாள் மூர் இறந்தார். 1698 ஜனவரியில் அர்மீனிய வணிகர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ‘கெதா மெர்ச்சண்ட்’ என்ற பெரிய கப்பலைக் கிட் பிடித்தார். அதன் தலைவர் ஆங்கிலேயர், சரக்கில் ஒரு பகுதி முகலாய அரசவைப் பிரபு ஒருவருக்கு உரியது, கப்பலில் இருந்ததோ பிரெஞ்சுச் சீட்டு. அந்தச் சீட்டின்படி பார்த்தால் அது பகைநாட்டுக் கப்பல், பிடித்தது முறை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் 1695 இல் ஹென்றி எவ்ரி என்ற கொள்ளையர் ஔரங்கசீப்பின் ‘கஞ்சி சவாய்’ கப்பலைச் சூறையாடியதால் சூரத்திலிருந்த ஆங்கிலேயர்கள் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். இன்னொரு முறை முகலாயரின் சினத்துக்கு ஆளாகக் கும்பெனியால் இயலாது. கிட்டுக்குப் பணம் போட்ட பிரபுக்களும் அவரைக் கைவிட்டார்கள். லண்டனில் நடந்த விசாரணையில் தம்மைக் காப்பாற்றக்கூடிய பிரெஞ்சுச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி அவர் மன்றாடியும் அவை வரவில்லை. கொலைக்கும் கொள்ளைக்கும் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு 1701 மே 23 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். முதல் முறை கயிறு அறுந்து விழுந்தும் மீண்டும் ஏற்றினார்கள். அந்தச் சீட்டுகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் அரசு ஆவணங்களுக்கிடையே கிடைத்தன.

இந்த வழக்கில் தீய சக்தி என்று எதையும் சுட்ட முடியாது. பசித்த மாலுமிகள், கோபக்காரத் தலைவர், பயந்த கும்பெனி, கைகழுவிய பிரபுக்கள், எங்கோ ஒரு கட்டுக்குள் கிடந்த இரண்டு தாள்கள் ஆகிய இவை மட்டுமே உள்ளன. புனைவுலகில் ஒரு பாத்திரத்துக்கு மந்திர வாளைக் கொடுப்பதைவிட, மறைக்கப்பட்டால் உயிர் போகும் இப்படிப்பட்ட ஒரு தாளைக் கொடுப்பது நூறு மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

போர் நடக்கும் காலத்தைவிடப் போர் முடிந்த மறு ஆண்டே இந்த உலகத்தில் அதிக ஆபத்தானது. 1713 இல் உத்ரெக்ட் உடன்படிக்கையால் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் ஓய்ந்தபோது, நேற்று வரை பகைவரின் கப்பல்களைப் பிடிப்பதற்குப் பாராட்டும் பங்கும் பெற்றுவந்த ஆயிரக்கணக்கான மாலுமிகள் வேலையிழந்து துறைமுகங்களில் நின்றார்கள். கிடைத்த வணிகக் கப்பல் வேலைகளில் சம்பளம் குறைவு, அடி அதிகம். பஹாமாஸின் நாசோ துறைமுகம் கொள்ளையரின் கூடாரமானது இந்தச் சூழலில்தான். 1718 இல் அரசரின் பொதுமன்னிப்போடு ஆளுநர் வுட்ஸ் ரோஜர்ஸ் அங்கே வந்து இறங்கியபோது, பலர் மன்னிப்பை ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். அங்கே கொள்ளையரின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய பெஞ்சமின் ஹார்னிகோல்டு, மன்னிப்புப் பெற்ற பின் தம் பழைய தோழர்களையே வேட்டையாடக் கிளம்பினார். நட்பு முறிவதற்கு ஒரு துரோகச் சதியைக் கற்பனை செய்யத் தேவையில்லை. ஒரே மன்னிப்பு அறிவிப்பை இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாகப் படித்தாலே போதும்.

தொலைவும் தாமதமும் இந்த உலகத்தின் உயிர்நாடிகள். ஆங்கிலேயர் சார்பில் கரீபியன் கடலில் ஸ்பானியரைத் தாக்கிவந்த ஹென்றி மோர்கன் 1671 ஜனவரியில் பனாமா நகரைச் சூறையாடினார், ஆனால் இங்கிலாந்தும் ஸ்பெயினும் 1670 ஜூலையிலேயே மத்ரீதில் சமாதானம் செய்துகொண்டிருந்தன. அவருக்கு அனுமதி கொடுத்த ஜமைக்கா ஆளுநர் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார், மோர்கனும் கைதாகி அனுப்பப்பட்டார். பின்பு 1674 இல் அதே மோர்கனுக்கு வீரப்பட்டம் அளித்து ஜமைக்காவின் துணை ஆளுநராக்கி அனுப்பியது அரசு. குற்றமா சேவையா என்பதை, செயல் நடந்த நாளும் செய்தி வந்த நாளும் தலைநகரின் அன்றைய மனநிலையும் சேர்ந்து முடிவு செய்தன.

தொலைவு, காற்று, அதிகாரம் மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்ச்சியாக 1746 இல் சென்னைக் கோட்டை பிடிபட்டதைச் சொல்வேன். மொரீஷியசிலிருந்து கப்பற்படையோடு வந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அந்தச் செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். பெரும் பணயத் தொகை பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக அவர்களோடு ஒப்பந்தமும் பேசினார். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸோ, நகரைப் பிடித்தால் உமக்கே தருகிறேன் என்று ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனுக்கு வாக்களித்திருந்தார். இந்தியாவிலுள்ள பிரெஞ்சு விவகாரங்கள் எல்லாவற்றிலும் இறுதிச் சொல் தம்முடையதே என்றும் சொன்னார். கப்பற்படையின் தலைமை தம் கையில் இருப்பதால், வென்ற நகரைப் பற்றிய முடிவும் தம்முடையதே என்பது லா பூர்தொனேயின் வாதம். இருவருக்கும் மேலே உள்ள அதிகாரியோ ஒரு கடிதம் போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் தொலைவில் இருந்தார். கடிதப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கியது. அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது, கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். அக்டோபர் நடுவில் அடித்த புயலில் லா பூர்தொனேயின் கப்பல்கள் சில மூழ்கின, பல சிதைந்தன. பேரம் பேசும் வலிமையை இழந்து அவர் கிளம்பிப்போனதும், துய்ப்ளேக்ஸ் பணய ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார், நவாப்புக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை. நவாப்பின் மகன் மாபூஸ் கான் தலைமையில் வந்த படை அடையாற்றங்கரையில் எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. பிரான்சுக்குத் திரும்பிய லா பூர்தொனே பாஸ்தில் சிறையில் அடைக்கப்பட்டார், 1751 இல்தான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இத்தனைக்கும் பிறகு, 1748 இல் ஐரோப்பாவில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை, வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னையை ஆங்கிலேயரிடமே ஒப்படைத்தது.

ஒரே கொடியின் கீழ் இருந்த இருவர், தலைக்கு மேல் ஒரு புயல், ஏமாற்றப்பட்ட ஓர் அரசன், உலகின் மறுகோடியில் எவரோ செய்த பண்டமாற்று. புனைவுலகுகளில் ‘பேரரசு’ என்பது பெரும்பாலும் ஒரே குரலில் பேசும் ஒற்றை உருவமாக வருகிறது. அது எனக்கு ஏமாற்றமே அளிக்கிறது. ஆளுநருக்கும் கடற்படைத் தளபதிக்கும் ஆகாது, அவர்கள் இருவருக்கும் வணிகக் குழுவின் பங்குதாரர்களைப் பிடிக்காது, பாதிரியார் தனியாகத் தலைநகருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார் என்றெல்லாம் வைத்தால்தான், நம் பாத்திரங்கள் நுழைந்து வேலை பார்ப்பதற்கான இடுக்குகள் உண்டாகும்.

அந்த இடுக்குகளிலேயே வாழ்ந்தவர்கள், ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகள். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, வணிகம், அரசவைப் பேச்சு, குடும்பம், சாதிச் சச்சரவு, கப்பல் வந்த செய்தி எல்லாவற்றையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. இரு தரப்புக்கும் அவர் தேவை, இரு தரப்புமே அவரைச் சற்றே ஐயத்தோடு பார்க்கும். ஆளுநரின் மனைவி ழான் தமிழ் அறிந்தவர் என்பதும், அவருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒத்துப்போகவில்லை என்பதும் அந்தக் குறிப்புகளிலிருந்தே தெரிகிறது. கப்பல் தலைவன் ஒருவனையே எப்போதும் நாயகனாக்குகிறவர்கள், ஒரு முறையேனும் மொழிபெயர்ப்பாளன் ஒருவனை நடுவில் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். அவன் ஒரு சொல்லை மென்மையாக்கினால் சண்டை ஒரு மாதம் தள்ளிப்போகும், அப்படியே சொன்னால் அன்றே வெடிக்கும்.

வெள்ளி, மிளகு, சர்க்கரை பற்றியெல்லாம் பலரும் எழுதியிருப்பதால் நான் விரித்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு குறிப்பு: விளைபொருள் ஓரிடத்தில் மட்டுமே கிடைப்பதாக அமைத்தால் அந்த இடத்துக்கு நேரும் கொடுமையையும் சேர்த்தே அமைக்க வேண்டும். ஜாதிக்காய் அன்று பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. 1621 இல் டச்சுக் கும்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் அந்த மக்களில் பெரும்பான்மையோரைக் கொன்றும் அடிமைகளாக்கியும் துரத்தியும் தீவுகளை வெறுமையாக்கி, தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டுவந்து வைத்தார். மந்திரக் கனிமம் விளையும் தீவு என்று ஒன்றை எழுதும்போது, அங்கே முதலில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

அடிமை வணிகத்தைப் பற்றியும் இதே உணர்வோடுதான் பேச விரும்புகிறேன். கப்பலின் மேல்தளத்தில் வாள் வீசுகிறவர்களை எழுதிவிட்டு, கீழ்த்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்களை எழுதாமல் விடும் பழக்கம் இவ்வகைப் புனைவுகளில் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கொடுமையைக் கற்பனையான வேற்றினங்களின் மீது ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வதும் சரியன்று. கொள்ளையர் பர்த்தலோமியு ராபர்ட்ஸின் ஆட்கள் 1722 இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிடிபட்டபோது, வெள்ளையர்கள் விசாரிக்கப்பட்டு 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கப்பலிலிருந்த கறுப்பினத்தவர்களுக்கு விசாரணை என்பதே இல்லை, அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஒரே கப்பலில் ஒரே கொடியின் கீழ் இருந்தவர்களுள் சிலருக்குத் தூக்குக் கயிறே ஒரு சலுகை என்று ஆகும் உலகம் அது. ஜமைக்காவின் மலைகளில் தப்பியோடி வாழ்ந்த மரூன் மக்கள் ஆங்கிலேயரைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1739 இல் தம் தலைவர் குட்ஜோவின் வழியாக உடன்படிக்கை செய்துகொண்டார்கள். விடுதலையும் 1,500 ஏக்கர் நிலமும் கிடைத்தன. ஆனால் இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையின் ஒரு விதி. கையெழுத்திட்ட மறுநாள் இரவு மலையேறி வந்து நிற்கும் ஒரு பெண்ணை வைத்து எழுதிப் பாருங்கள். விடுதலை பெற்ற அந்த ஊரின் ஒவ்வொரு வீடும் அவளுக்காகத் தனித்தனியாகப் பிளவுபடும்.

இனி மந்திரத்துக்கு வருவோம். மேலே சொன்ன பகைகள் அனைத்தும் தூரம், காற்று, அறியாமை, உடலின் வலுவின்மை ஆகியவற்றை நம்பி நிற்பவை. மந்திரம் கட்டுப்பாடில்லாமல் நுழைந்தால் இவை ஒவ்வொன்றாகச் சரிந்துவிடும். கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைநகரோடு பேச முடிந்தால், லா பூர்தொனேயும் துய்ப்ளேக்ஸும் ஒரே நாளில் தீர்ப்புப் பெற்றிருப்பார்கள், கதை அங்கேயே செத்துப்போகும். ஆகவே அத்தகைய கண்ணாடி இருந்தே ஆக வேண்டுமென்றால், அது வணிகக் குழு ஒன்றின் கையில் மட்டும் இருக்கட்டும், ஆளுநர் தம் அரசரோடு பேசுவதற்கும் அந்தக் குழுவிடமே கைகட்டி நிற்கட்டும். காற்றை அழைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், எந்த அரசு அவர்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, எந்தக் கப்பல் அவர்களைக் கடத்திக்கொண்டு போகிறது, பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வணிகர்களை நம்பிப் பிழைத்த துறைமுக நகரங்கள் அவர்களை எவ்வளவு வெறுக்கும் என்பதையெல்லாம் யோசிக்க வேண்டும். கடல்வழி அறிவுகூட அன்று அரசு இரகசியமாகவே காக்கப்பட்டது. கோவா பேராயரிடம் செயலராகப் பணியாற்றிய லின்ஸ்கோதென் என்ற டச்சுக்காரர், ஊர் திரும்பி 1595, 1596 ஆம் ஆண்டுகளில் போர்த்துக்கீசியரின் கடற்பாதைக் குறிப்புகளை அச்சிட்டதும் அந்த மதில் இடிந்தது. மந்திரங்கள் அச்சுக்கு வந்த ஆண்டு என்று ஒன்று உங்கள் உலகிலும் இருக்கலாம். அச்சிட்டவனைத் துரத்துகிறவர்களுக்கும் பஞ்சமிராது.

குணப்படுத்தும் மந்திரத்தை மட்டும் பெரும்பாலோர் யோசனையின்றிச் சேர்த்துவிடுகிறார்கள். ராபர்ட்ஸின் கப்பலில் எழுதப்பட்டிருந்த உடன்படிக்கையின்படி, கை கால் இழந்து முடமான மாலுமிக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 டாலர் (அன்றைய ஸ்பானிய வெள்ளி நாணயம்) தர வேண்டும். பங்கு பிரிக்கையில் தலைவனுக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. வெட்டுண்ட கையை மீண்டும் முளைக்க வைக்கும் மருத்துவச்சி ஒருத்தி அந்தக் கப்பலில் இருக்கிறாள், ஆனால் ஒரு திங்களுக்கு ஓர் உடலுக்கு மேல் அவளால் தாங்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். சண்டை முடிந்து மேல்தளத்தில் மூவர் கிடக்கிறார்கள்: பீரங்கி இயக்கத் தெரிந்த ஒரே ஆள், எல்லோருக்கும் பிடித்த ஒரு சிறுவன், மாலுமிகள் வாக்களித்துத் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த தேர்தலில் இப்போதைய தலைவனை எதிர்த்து நிற்கப்போகிறவன். முளைத்த கைக்கு 800 டாலரும் உண்டா, முளைக்காமல் விடப்பட்டவனுக்கு அது போதுமா, மருத்துவச்சிக்குரிய பங்கு எத்தனை என்று கேட்டு ஒருவன் எழுந்து நின்று வாக்கெடுப்புக் கோருகிறான், கோருவதற்கு அவனுக்கு உரிமையும் இருக்கிறது.